பதினொன்றில் தொடங்கும் ஸ்கேல்

செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மாஸ்டருக்கு,

இங்கு நான் நலம். நீயும் உன் தங்கையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தெருவே உன்னை டெய்லர் மாஸ்டர் என்று கூப்பிடும்போது கட்டிக்கொண்டவன் மட்டும் வேறு மாதிரி கூப்பிடுவானேன் என்று கடிதத்திலும் அதையே போட்டுவிட்டேன். தினமும் ஃபோனில் பேசுகிறவனுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். ஃபோனில் நீ சாப்பிட்டாச்சா என்கிறாய், நான் ஆச்சு என்கிறேன். அப்புறம் மற்றவர் வைக்கட்டும் என்று இரண்டு பேரும் காத்துக்கொண்டிருக்கிறோம். அதில் ஒரு விஷயமும் பேச முடிவதில்லை. தவிர, மேஜை மேல் நானே கடைந்த பேனாக்கள் முப்பத்திரண்டு கிடக்கின்றன. எதிலாவது எழுதித்தானே ஆக வேண்டும்.

முதலில் நல்ல செய்தி. ஒரே மரத்தில் பேனா கடைவது எனக்குக் கைவந்துவிட்டது. கட்டையில் நீளவாக்கில் துளை போட்டு, பித்தளைக் குழாயை உள்ளே ஒட்டி, லேத்தில் மாட்டி உளியைக் காட்டினால் சுருள் சுருளாக உரிந்து வருகிறது. நாற்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்த கைக்கு இதெல்லாம் பெரிய காரியம் இல்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே, ஒட்டு வேலையில் இறங்கிவிட்டேன்.

அது என்னவென்றால், விரல் கனத்துக்கு ஒரு சதுரக் கட்டை. கருத்த மரம். அதைச் சாய்வாக அறுத்து, பிளவுக்குள் வெளுத்த மரத்தில் அறுத்த மெல்லிய பட்டை ஒன்றைச் செருகி ஒட்ட வேண்டும். காய்ந்ததும் கட்டையைக் கால் சுற்று திருப்பி அடுத்த பக்கத்தில் அதே மாதிரி. இப்படி நாலு பக்கமும். சதுரமாக இருக்கிற வரைக்கும் நாலு கோணல் கோடுதான் தெரியும். உருண்டையாகக் கடைந்தெடுத்ததும் அந்த நாலும் வளைந்து, ஒன்றுக்குள் ஒன்று புகுந்த வளையங்களாக நிற்க வேண்டும். நிற்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். இதுவரை நின்றதில்லை.

முதல் கட்டை லேத்தில் சுற்றும்போதே பிரிந்து, ஒரு துண்டு பறந்து போய்ச் சுவர்க் கடிகாரத்தைப் பதம் பார்த்தது. கடிகாரம் ஓடுகிறது, கண்ணாடிதான் இல்லை. இரண்டாவது கட்டை பிரியவில்லை, ஆனால் வளையங்கள் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காமல் நின்றன. மூன்றாவதும் அப்படியே. எங்கே தப்பு என்று இரண்டு நாள் மண்டை காய்ந்தது. கடைசியில் தெருமுனைத் தச்சரிடம் கொண்டு போனேன். அவர் கட்டையை வாங்கி ஒரு தரம் உருட்டிப் பார்த்துவிட்டு, "ரம்பம் எவ்வளவு தின்னுதோ அவ்வளவு கனத்துக்குப் பட்டை வைக்கணும் அண்ணே. கூடக் குறைய வெச்சா மேல்பாதி நகர்ந்து போயிடும், கோடு எப்படிச் சேரும்?" என்றார். அதாவது ரம்பம் அறுக்கும்போது மூன்று மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கிவிடுகிறது. செருகுகிற பட்டையும் சரியாக மூன்று மில்லி இருக்க வேண்டும். இதைச் சொல்ல அவருக்கு அரை நிமிஷம் ஆகவில்லை. எனக்கு மூன்று கட்டை ஆனது.

அன்றிலிருந்து மூன்று மில்லிக்காக அலைகிறேன். ஐஸ் குச்சி மெலிசு. பழப்பெட்டி மரம் தடிமன், தேய்த்தால் ஒரு முனை பள்ளம் ஒரு முனை மேடு. கையில் அளவுகோலோடு வீடெல்லாம் சுற்றி வருகிறேன். பார்க்கிற பலகையையெல்லாம் அளந்து பார்க்கிறேன்.

இனி உன் விஷயம். உன் தங்கை மாடிப்படி ஏறுகிறாள் என்று போன வாரம் சந்தோஷமாகச் சொன்னாய். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஏறுகிறவளுக்குத் துணைக்கு ஆள் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. அவளுக்குக் கால் ஒடிந்தபோது நாற்பது நாள் என்று சொல்லிப் போனாய். ஏழு மாதம் ஆகிறது. கேட்டால், "இங்க வெளிச்சம் நல்லா இருக்கு" என்கிறாய். ஒரே பேச்சில் மூன்று தரம் சொன்னாய். வெளிச்சத்துக்கு இங்கேயும் ஒன்றும் குறைச்சல் இல்லை. முன்னறை ஜன்னலில் காலையில் வருகிற வெயில் மத்தியானம் வரை லேத் மேலேயே கிடக்கிறது.

கண் எப்படி இருக்கிறது? அந்தக் கவலை எனக்கு உண்டு. நீ பின்னறைக்கு மெஷினை மாற்றிக்கொண்டதிலிருந்து இரண்டு நூல்கண்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்து, "இது கருப்பா நீலமா பாருங்க" என்று கேட்க ஆரம்பித்தாய். நான்தான் பிடிவாதமாக டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் கண்ணில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறமும் நீ வந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். அங்கே வேறு நல்ல டாக்டர் இருந்தால் காட்டிவிடு.

எப்போது வருகிறாய் என்று கேட்கவில்லை. தேதி தெரிந்தால் பால்காரரிடம் சொல்ல வசதியாக இருக்கும், அவ்வளவுதான். இப்போது ஒரு ஆளுக்குத்தான் வாங்குகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். தங்கைக்கு என் விசாரிப்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்


ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாஸ்டருக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படிக்காதே.

நேற்று ஃபோனில் வழக்கத்துக்கு மாறாக ஒரு விஷயம் பேசினாய். "பின்னறைச் சுவத்துல என் மர ஸ்கேல் மாட்டியிருக்கும், அதைக் கூரியர்ல போட்டு விடுங்க" என்றாய். நான் சரி என்றேன். அப்புறம் கரெண்ட் போய்விட்டது என்று சொல்லி ஃபோனை வைத்தேன். கரெண்ட் போகவில்லை.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஸ்கேல் மூன்று மில்லி.

வியாழக்கிழமை அது கண்ணில் பட்டது. அளந்து பார்த்தேன், எந்த முனையில் வைத்தாலும் மூன்று மில்லி, ஒரு மயிரிழை கூடக் குறைய இல்லை. வெளுத்த மரம், கெட்டி மரம், உன் கை பட்டுப் பட்டு வழவழப்பாகி இருந்தது. அதன் முதல் அங்குலம் ஒடிந்து போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. நாம் இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று கதவிடுக்கில் மாட்டி ஒடிந்தது. கதவைச் சாத்தியது நான். அன்றிலிருந்து நீ ஒன்றில் தொடங்கித்தான் அளக்கிறாய். ஒன்றை மனசுக்குள் கழித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு சாக்கட்டியை இழுப்பாய், ஒரு தரமும் தப்பியதில்லை. அதே ஸ்கேலால் நான் அளந்து அடித்த அலமாரிப் பலகை இன்றைக்கும் ஓர் அங்குலம் குட்டையாக நிற்கிறது.

ஏற்கெனவே ஒடிந்த முனைதானே, அதில் இன்னும் கொஞ்சம் எடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், சத்தியமாக. நீ அங்கே சும்மா இருக்கிறாய், ஸ்கேல் இங்கே சும்மா தொங்குகிறது என்றுதான் என் கணக்கு. ஒரு பேனாவுக்கு நாலு பட்டை, ஒரு பட்டைக்கு ஒன்றேகால் அங்குலம், ஆக ஐந்து அங்குலம் எடுத்தேன்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். கட்டையின் நாலு பக்கத்திலும் பென்சிலால் ஒன்று இரண்டு மூன்று நாலு என்று எழுதி வைத்திருந்தேன். பட்டையை ஒட்டிக் காய்ந்ததும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையைத் தேய்த்துச் சமமாக்க வேண்டும். தேய்த்தேன், அதோடு எண்ணும் அழிந்து போனது. எந்தப் பக்கம் அறுத்தது, எந்தப் பக்கம் அறுக்காதது என்று தெரியாமல் கட்டையை உருட்டி உருட்டி முழித்தேன். குத்துமதிப்பாக ஒரு பக்கத்தை வைத்து அறுத்தேன். அது ஏற்கெனவே அறுத்த பக்கம். கட்டை பாழ், ஐந்து அங்குலமும் பாழ். ஆத்திரத்தில் இன்னொரு ஐந்து அங்குலம் அறுத்துவிட்டேன்.

இப்போது சுவரில் தொங்குவது பதினொன்றில் தொடங்கி முப்பத்தாறில் முடிகிறது.

நீ கேட்டபோது அது முழுசாக இருந்திருந்தால் அனுப்பியிருப்பேனா என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். எனக்கே தெரியவில்லை. ஸ்கேல் கேட்டதற்கு என்ன அர்த்தம் என்றும் தெரியவில்லை. தங்கைக்கு ஏதோ பொழுதுபோக்காகத் தைத்துக் கொடுக்கிறாய் என்றால் அங்கே கடையில் ஒரு ஸ்கேல் வாங்கினால் ஆயிற்று. கைப்பழக்கமான ஸ்கேல்தான் வேண்டும் என்கிறாய் என்றால் நிறையத் தைக்கிறாய். நிறையத் தைக்கிறாய் என்றால் யாரோ துணி கொடுக்கிறார்கள். ஏழு மாதத்தில் உனக்கு அங்கே வாடிக்கை சேர்ந்துவிட்டதா? தங்கையின் மெஷினா, புதிதாக வாங்கியதா? இதையெல்லாம் ஃபோனில் கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் சொல்லிவிடுவாயே என்று பயமாக இருக்கிறது.

நான் என்ன செய்தேன் என்றும் யோசித்துப் பார்த்தேன். சண்டை போட்டோமா என்றால் இல்லை. நீ போகிற அன்று காலை கூட நான் உன் பெட்டியை பஸ் வரைக்கும் தூக்கி வந்தேன். ரிட்டயர் ஆகி லேத் வாங்கியபோது, ஜன்னல் பக்கம் போட்டுக்கொள்ளட்டுமா என்று உன்னிடம் கேட்டுத்தான் போட்டேன். "எனக்கு எங்க உட்கார்ந்தா என்ன" என்று நீதான் சொன்னாய். உன் வாயால் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்புறம் என்ன? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

இரண்டாவது ஐந்து அங்குலத்தில் செய்த கட்டை ஒட்டிக் காய்கிறது. செவ்வாய்க்கிழமை கடையலாம். அது சரியாக வந்தாலும் எனக்குப் பழைய சந்தோஷம் வராது என்று தோன்றுகிறது.

கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன். ஒன்றிலிருந்து அளந்த உனக்குப் பதினொன்றிலிருந்து அளக்க முடியுமா? முடியும் என்றால் நாளைக்கே அனுப்பிவிடுகிறேன்.

கோபம் வந்தால் கோபமாகவே பேசு.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்


வெள்ளிக்கிழமை

அன்புள்ள மாஸ்டருக்கு,

என் கடிதம் கிடைத்ததாக நேற்று முன்தினம் ஃபோனில் சொன்னாய். பரவாயில்லை என்றாய். இத்தனை வருஷத்தில் நீ பரவாயில்லை என்று சொன்ன எதுவும் பரவாயில்லாமல் இருந்ததே இல்லை. நீ திட்டியிருந்தால் அன்று ராத்திரி தூங்கியிருப்பேன்.

இந்த வாரம் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். குறுக்கே என் யோசனை எதையும் கலக்காமல் எழுதப் பார்க்கிறேன்.

நேற்றுக் காலை மூன்றாவது வீட்டு நர்ஸம்மா வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போட்டுப் போகும் கருநீலச் சட்டையில் பட்டன் அறுந்துவிட்டது. "மாஸ்டர் கடையை மூடிட்டாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க, நிஜமா சார்?" என்று கேட்டாள். யார் சொன்னது, ஊருக்குப் போயிருக்கிறாள், அவ்வளவுதான் என்றேன். வீறாப்பாக, பட்டன் தானே, கொடும்மா நான் தைத்துத் தருகிறேன் என்று சட்டையை வாங்கிக்கொண்டு உன் பின்னறைக்குப் போனேன். நூலைத் தேடி எடுத்து, ட்யூப் லைட் போட்டு, உன் ஸ்டூலில் உட்கார்ந்து தைத்தேன். ஊசியில் நூல் கோர்க்கவே பத்து நிமிஷம். கருநீல நூல்தான் எடுத்தோம் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

அவள் வாசலுக்குப் போய் வெயிலில் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். "சார், இது கருப்பு நூல்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பரவாயில்லை என்று போட்டுக்கொண்டும் போய்விட்டாள்.

நான் இரண்டு நூல்கண்டையும் எடுத்துக்கொண்டு முன்னறை ஜன்னலுக்கு வந்தேன். ஒன்று கருப்பு, ஒன்று நீலம். குழந்தைக்குக் கூடத் தெரியும். மறுபடி பின்னறைக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுதான். நம்பாமல் மூன்று தரம் போய்ப் போய் வந்தேன். மூன்றாவது தரம் ஜன்னலில் லேத்துக்குப் பக்கத்தில், கையில் இரண்டு நூல்கண்டோடு நின்றேன் பார், அப்போதுதான் நான் நிற்கிற இடம் எது என்று எனக்கு உறைத்தது. அங்கேதான் நீ வந்து நிற்பாய். நான் கடைந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல், இடது பக்கம் இருப்பது கருப்பு என்பேன். பல தரம் பார்க்காமலேயே சொல்லியிருக்கிறேன்.

அப்புறம் உன் மெஷினின் மேலுறையை எடுத்துப் பார்த்தேன். மரத்தூள். கதவைச் சாத்தித்தான் வைத்திருந்தாய், எப்படியோ புகுந்திருக்கிறது. பள்ளிக்கூடச் சீருடைக்கான வெள்ளைத் துணி மூட்டை ஒன்று கீழே இருந்தது, மேல் மடிப்பு முழுக்கப் பழுப்பு. நீ அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? சொல்லியிருப்பாய். லேத் ஓடும்போது எனக்குக் காது கேட்காது.

ஒரு ஜன்னலுக்காகவா ஒருத்தி ஏழு மாதம் வராமல் இருப்பாள் என்று என் மனசே கேட்கிறது. ஜன்னல் கூட இல்லையோ, நீ வந்து நின்றபோது நான் நிமிர்ந்து பார்க்கவில்லையே, அதுவோ. அல்லது உனக்கு அங்கே நிஜமாகவே பிடித்துப் போய்விட்டதோ. மூன்றில் எது என்று எனக்குத் தெரியவில்லை. நான் கண்டுபிடித்ததாக நினைப்பது தப்பாகவும் இருக்கலாம், கட்டையில் தப்பின மாதிரி. ஆனால் தெரிந்த அளவுக்குச் செய்யாமல் இருக்க முடியவில்லை.

தச்சரைக் கூட்டி வந்தேன். இரண்டு பேருமாக லேத்தைப் பின்னறைக்குத் தள்ளினோம். "இருட்டுல எப்படிண்ணே வேலை பார்ப்பீங்க?" என்று அவர் கேட்டார். இதே கேள்வியை யாராவது ஒருத்தர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டில் கேட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அவரிடம் சொல்லவில்லை. உன் மெஷினை ஜன்னலுக்குக் கொண்டு வந்தோம். சுவர், தரை, ஜன்னல் கம்பி எல்லாவற்றையும் ஈரத்துணியால் மூன்று தரம் துடைத்தேன். லேத்தைச் சுற்றி ஒரு பழைய திரையையும் கட்டிவிட்டேன், தூள் வெளியே வராது. கொஞ்சம் வரும்.

பேனா செவ்வாய்க்கிழமையே ஜன்னல் வெளிச்சத்தில் பாதி கடைந்திருந்தேன். மீதியைப் பின்னறையில் முடித்தேன். வளையம் சேர்ந்ததா இல்லையா என்று அங்கே தெரியவே இல்லை. ஒவ்வொரு தரமும் கட்டையைக் கழற்றிக்கொண்டு எழுந்து எழுந்து ஜன்னலுக்கு ஓடி வந்தேன். உன் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று, இது சேர்ந்திருக்கா பாரேன் என்று ஒரு தரம் வாய்விட்டே கேட்டுவிட்டேன். அங்கே யாரும் இல்லை.

மூன்று வளையங்கள் அச்சாகச் சேர்ந்துவிட்டன. நாலாவது ஒரு நூல் அளவு தள்ளி நிற்கிறது. மறுபடி செய்தால் சரியாக வரும், பிடி கிடைத்துவிட்டது. ஆனால் அதற்கு இன்னும் ஐந்து அங்குலம் வேண்டும். பதினாறில் தொடங்குகிற ஸ்கேலை உன்னிடம் எந்த முகத்தோடு காட்டுவேன்? இருக்கிறபடியே இருக்கட்டும் என்று பாலீஷ் போட்டுவிட்டேன். இந்தக் கடிதம் அந்தப் பேனாவால் எழுதியதுதான். எழுதி முடித்ததும் இதோடு சேர்த்து அனுப்புகிறேன். வெளுப்பாகத் தெரிகிறதே, அது நீ முப்பது வருஷம் பிடித்த மரம். தடவிப் பார்த்தால் உனக்குத் தெரியும்.

பார்சலில் இன்னொன்றும் வரும். கடைக்குப் போய்ப் புது மர ஸ்கேல் ஒன்று வாங்கினேன். அப்படியே அனுப்பினால் உன் கை ஒன்றைக் கழித்துவிடும், யாரோ ஒருவரின் சட்டை ஓர் அங்குலம் குட்டையாகிவிடும். அதனால் முதல் அங்குலத்தை நானே அறுத்து எடுத்துவிட்டேன். இப்போது அதுவும் ஒன்றில்தான் தொடங்குகிறது. புதுசு வாங்கினதும் வெட்டுறீங்களே என்று தச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். முனையை நன்றாகத் தேய்த்திருக்கிறேன், துணியில் சிக்காது.

இதை அனுப்பினால் நீ அங்கேயே தங்கிவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. அனுப்பாமல் இருந்தால் இன்னொரு தரம் உன் சாமானை எடுத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். இரண்டு நாளாகக் குழம்பி, கடைசியில் அனுப்புகிறேன். நீ கேட்டதை நான் கொடுத்ததாக இருக்கட்டும். பதினொன்றில் தொடங்கும் பழைய ஸ்கேலை இங்கே ஜன்னல் பக்கம் ஆணியில் மாட்டியிருக்கிறேன். அதற்குக் கீழே கருப்பு நூல்கண்டும் நீல நூல்கண்டும் இருக்கின்றன. அவற்றை நான் தொடவில்லை.

வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வராதே என்று எழுதக் கை வரவில்லை. உன் இஷ்டப்படி செய். எங்கே உட்கார்ந்து தைத்தாலும் வெளிச்சத்தில் உட்கார்ந்து தை.

டாக்டர் சொன்னது சரிதான். உன் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்